வீட்டின் அடியில் எந்தத் தட்டு?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் மைத்துனர் வீட்டுப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். மகனுக்கு மன்னார் மாவட்டத்தில் உத்தியோகம் நிலைத்துவிட்டபடியால், முருங்கனுக்கு அண்மையில் ஒரு காணி வாங்கி, தமது ஓய்வுப் பணத்தையும் மகன் எடுத்த வங்கிக் கடனையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரு வீடு கட்டத் துணிந்திருந்தார். ஆவணியில் நாளும் பார்த்தாயிற்று. படத்தை மேசைமேல் விரித்ததும் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடிவிட்டனர். சமையலறை எந்தத் திசையில் அமையவேண்டும், சுவாமியறைக்கு இடம் போதுமா, தரை ஓடு வெள்ளையா சாம்பலா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. தரை ஓட்டுக்கும் கீழே என்ன வரப்போகிறது என்று ஒருவரும் கேட்டாரில்லை.

கூட்டம் கலைந்தபின் அவர் தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

“மச்சான், எனக்கு ஒரு சந்தேகம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகும் மேசன், இரண்டடி ஆழத்துக்கு வெட்டிக் கல் அடுக்கி, உள்ளே தரைக்கு நாலங்குலக் கொங்கிறீற்று இட்டாற் போதும் என்கிறார். அந்தப் பக்கத்து ஒப்பந்தகாரரோ, முழு வீட்டுக்கும் ஒன்பது அங்குலத்தில் ஒரே தட்டாக இட்டுவிட்டு அதன்மேற் சுவர் எழுப்புவோம், பிறகு ஆயுளுக்கும் பயமில்லை என்கிறார். மகனின் சிநேகிதன் ஒருவன் தூண் இறக்கத்தான் வேண்டும் என்று நிற்கிறான். இவர்களில் யார் சொல்வது சரி?”

“இப்பொழுது அந்தக் காணி எப்படிக் கிடக்கிறது?” என்று கேட்டேன்.

“வெடித்துக் கிடக்கிறது. போன கிழமை என் குடையை ஒரு வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தேன். கைபிடி மட்டுமே வெளியே நின்றது.”

மூவர் சொன்ன யோசனையிலும் பார்க்க அந்தக் குடை சொன்ன சாட்சியம் பெரிது என்று நான் சொன்னபோது, அவர் நான் விளையாடுகிறேன் என்றே எண்ணினார். இதை எழுதுவதற்குக் காரணமும் அதுவே. வீடு கட்டுவோர் பலர் தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தடித்தது நல்லது, மெலிந்தது கூடாது என்ற கணக்கில் முடிவு செய்கின்றனர். தட்டின் கீழே இருக்கும் மண்ணை அந்த ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை.

கொங்கிறீற்றுத் தட்டு என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பன ஒரே தொழிலைச் செய்வன அல்ல. எங்கள் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது வெறும் தரைத் தட்டு. சுவரின் பாரத்தை அதன் கீழே ஓடும் கல் அத்திவாரம் ஏற்றுக்கொள்ளும். அறைகளுக்குள் கிறவல் நிரப்பி, நீர் தெளித்து, இடித்து இறுக்கி, அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொங்கிறீற்று இடுவர். நடப்போரையும் கட்டிலையும் அலுமாரியையும் அது தாங்கினாற் போதும். இன்னொரு வகையில் தட்டின் ஓரங்களும் உட்சுவர் வரும் இடங்களும் தடித்துக் கீழிறங்கும். சுவரும் தட்டின்மேலேயே நிற்கும். உறுதியான நிலத்திற் சிறு வீடு ஒன்றுக்கு இது சிக்கனமானது. மூன்றாவது, அந்த ஒப்பந்தகாரர் சொன்னது: முழு வீட்டின் கீழும் ஒரே தடிப்பில், மேலும் கீழுமாக இரண்டு படைக் கம்பியோடு விரியும் தட்டு. ஆங்கிலத்தில் இதற்குத் ‘தெப்பம்’ என்றே பெயர். இந்தத் தெப்பத்தின் கீழ்ப்புறத்தில் விலா எலும்புகள்போலக் குறுக்கும் நெடுக்குமாக வளைகளை ஓடவிட்டால் அது நான்காவது வகை. மேசன்மார் அந்த வளைகளைப் ‘பீம்’ என்பர். நிலத்துக்குள் ஆழமாகத் தூண் இறக்கி, தட்டை அத்தூண்களின் தலையில் ஏற்றிவைப்பதும் உண்டு.

தெப்பத் தட்டைப்பற்றி ஒரு சிறு விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதில் தவறியவர் பலர். மேல்மாடித் தட்டிற் பாரம் மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தும். ஆகவே இரு சுவர்களுக்கு நடுவே தட்டின் அடிப்பக்கமே இழுபடும். முக்கியமான கம்பி அங்கே அடியில் வரும். நிலத்தில் இடும் தெப்பமோ தலைகீழான மேல்மாடித் தட்டு. சுவர்கள் கீழ்நோக்கி அழுத்த, இடையிலுள்ள மண் மேல்நோக்கித் தள்ளும். எனவே அறையின் நடுவில் மேற்பக்கத்திலும், சுவரின் கீழே அடிப்பக்கத்திலும் கம்பி வேண்டும். மேல்மாடி போட்டுப் பழகிய கை, பழக்கத்தால் எல்லாக் கம்பியையும் அடியிலேயே பரப்பிவிட்டால், பணம் செலவாகும், பலன் இராது.

சாய்ந்த களஞ்சியம்

தடித்த தட்டு ஒன்று இருந்துவிட்டாற் பயமில்லை என்போருக்கு நான் வழக்கமாகச் சொல்வது கனடா நாட்டுக் கதையொன்று. மனிற்றோபா மாகாணத்தில், வின்னிப்பெக் நகருக்கு அண்மையிலுள்ள நோர்த் திரான்ஸ்கோனா என்ற இடத்தில், கனேடிய பசிபிக் இரயில்வே நிறுவனம் 1911 முதல் 1913 வரை ஒரு பெருந் தானியக் களஞ்சியத்தைக் கட்டியது. வரிசைக்குப் பதின்மூன்றாக ஐந்து வரிசையில் 65 வட்டக் கொங்கிறீற்றுக் குதிர்கள். உயரம் ஏறத்தாழ 100 அடி. இவையனைத்தும் ஒரே கொங்கிறீற்றுத் தெப்பத்தின்மேல் நின்றன. அதன் நீளம் 195 அடி, அகலம் 77 அடி, தடிப்பு 2 அடி. என் மைத்துனருக்குச் சொல்லப்பட்ட ஒன்பது அங்குலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டியவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். 12 அடி ஆழத்துக்குத் தோண்டியபின், அடிமண்ணின்மேற் சிறு பரப்பொன்றிற் பாரம் ஏற்றிச் சோதித்தும் பார்த்தார்கள். வரப்போகும் பாரத்தை மண் தாராளமாகத் தாங்கும் என்றே சோதனை காட்டியது. 1913 செப்ரெம்பரிற் கோதுமையை நிரப்பத் தொடங்கினர். ஒக்டோபர் 18 ஆம் நாள், சுமார் 8,75,000 புசல் தானியம் உள்ளே இருந்தபோது, கட்டடம் இறங்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அடி தாழ்ந்தது. பின்னர் மேற்குப் புறமாக மெல்ல மெல்லச் சாய்ந்து, மறுநாள் நிமிர்நிலையிலிருந்து ஏறத்தாழ 27 பாகை சரிந்து நின்றது. உச்சியிலிருந்த கூடாரம் பெயர்ந்து விழுந்தது. ஆனால் குதிர்கள் உடையவில்லை, தட்டும் பிளக்கவில்லை. கொங்கிறீற்று வேலையில் ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி, முழுக் கட்டடமும் ஒரே துண்டாகச் சரிந்து கிடந்தது.

மாணவர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். வெறுங் கட்டடத்தின் பாரம் 20,000 தொன். ஒரு புசல் கோதுமை 60 இறாத்தல். இரண்டையும் கூட்டி, தட்டின் பரப்பாகிய 15,015 சதுர அடியாற் பிரித்தால், சதுர அடிக்கு 3 தொன்னுக்குச் சற்று மேலே வரும். இவ்வளவைத் தாங்கும் என்று சோதனையிற் சொன்ன மண் ஏன் கைவிட்டது?

மண் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் சிறிது. மேலே இருந்த களிமண் இறுக்கமானது. அதன் கீழே மென்மையான களிமண் கிடந்தது. ஒரு சிறு பரப்பிற் பாரம் வைத்தால் அதன் அழுத்தம் அந்த அகலத்தைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு ஆழத்துக்கே பெரிதாகச் செல்லும். மேற்படையின் உறுதியை மட்டுமே அது உணரும். 77 அடி அகலத் தட்டோ தன் அழுத்தத்தைக் கீழே உள்ள மென்படை முழுவதிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தட்டு பெரிதாகப் பெரிதாகப் பாரம் பரவி இலேசாகும் என்பது பாதி உண்மை. பெரிய தட்டு ஆழத்திலுள்ள மண்ணையும் விசாரிக்கும் என்பது மறுபாதி. 1913 இல் இதனைக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய மண்ணியக்கவியல் என்ற கலை இன்னும் உருப்பெறவில்லை. அதற்கு அடிகோலிய கார்ல் தெர்சாகியின் நூல் வியன்னாவில் 1925 இலேயே வெளிவந்தது. பிற்காலத்தில் அதே இடத்தில் துளையிட்டு மண் எடுத்துச் சோதித்து, ரால்ஃப் பெக்கும் பிரயண்டும் 1953 இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். புதிய முறைப்படி கணித்தபோது, அந்த மண் எந்தப் பாரத்திற் கைவிடும் என்று வந்ததோ, ஏறத்தாழ அதே பாரத்திலேதான் களஞ்சியம் சரிந்திருந்தது.

சரிந்ததை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அடியிலே சுரங்கம்போலத் தோண்டி, கீழேயுள்ள பாறைவரை கொங்கிறீற்றுத் தூண்களை இறக்கி, திருகுயர்த்திகளால் அங்குலம் அங்குலமாகத் தூக்கி 1914 இல் நிமிர்த்திவிட்டார்கள். முன்னிருந்த மட்டத்திலும் தாழ்வாகவே அது நின்றது. ஆனால் அதன்பின் நெடுங்காலம் பயன்பட்டது. தூணுக்கான செலவை முதலிற் செய்யாதவர்கள் பிறகு எத்தனை மடங்காகச் செய்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தெருவின் இரு பக்கம்

மெக்சிக்கோ நகரில் இதே பாடம் ஒரு தெருவின் இரு புறத்திலும் எதிரெதிரே நிற்கிறது. பழைய ஏரிப் படுகையின்மேல் எழுந்த நகரம் அது. அதன் களிமண்ணில் மண்ணிலும் பார்க்க நீரே கூடுதல். 1904 இல் தொடங்கி 1934 இல் முடிக்கப்பட்ட நுண்கலை மாளிகை, வெண்பளிங்குப் போர்வையோடு, இரும்புச் சட்டங்கள் பொதிந்த மிகப் பாரமான கொங்கிறீற்றுத் தட்டொன்றின்மேல் அமைந்தது. கட்டி முடியும் முன்னரே அது தாழத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு மூன்று மீற்றருக்கு மேலாகத் தாழ்ந்திருக்கிறது. தட்டைப் பலமாக்குவதற்காக ஏற்றிய பாரமும் அந்தக் களிமண்ணுக்கு இன்னொரு சுமையாயிற்று.

எதிர்ப்புறத்தில் 1956 இல் திறக்கப்பட்ட 44 மாடி இலத்தீன் அமெரிக்கக் கோபுரம் நிற்கிறது. அதன் அத்திவாரத்தை வகுத்த லெயோனார்டோ செவார்ட் வேறொரு வழி கண்டார். சுமார் 13 மீற்றர் ஆழத்துக்கு மண்ணை அகற்றி, அவ்விடத்தில் உள்ளே வெறுமையான கொங்கிறீற்றுப் பெட்டி ஒன்றை அமைத்தார். அகற்றிய மண்ணின் நிறை எவ்வளவோ அவ்வளவு நிறையைக் கட்டடத்தில் ஏற்றினாலும் கீழேயுள்ள களிமண் புதிதாக ஒன்றையும் உணராது. தோணி தான் விலக்கிய நீரின் நிறையளவு பாரத்தைச் சுமப்பதுபோன்றது இது. மிஞ்சிய பாரத்துக்காக 361 தூண்களை 30 மீற்றருக்கும் அதிகமான ஆழத்திலுள்ள மணற்படைவரை இறக்கினார். 1957 ஆம் ஆண்டுப் பூகம்பத்தையும், நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட 1985 ஆம் ஆண்டுப் பூகம்பத்தையும் கோபுரம் தாங்கி நின்றது.

முருங்கன் களி

“இந்தக் கோபுரமும் களஞ்சியமும் எனக்கு ஏன்? நான் கட்டுவது மூன்று அறை வீடு,” என்றார் மைத்துனர். நியாயமான கேள்வி. ஒரு மாடி வீட்டின் பாரத்தை முழுத் தரைக்கும் பரப்பினாற் சதுர அடிக்குச் சில நூறு இறாத்தலே வரும். முருங்கன் களி அதைத் தாங்காமற் போகாது. அங்கே தொல்லை மறுபக்கத்திலிருந்து வருகிறது.

கட்டுக்கரைக் குளத்தைச் சூழ்ந்த வயல்நிலத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் கரிய களி பழக்கமானது. மாரியில் காலைப் பற்றி இழுக்கும். கோடையிற் கல்லாகி வெடிக்கும். அதன் நுண்துணிக்கைகள் புத்தகத்தின் ஏடுகள்போல அடுக்கடுக்காய் இருப்பவை. நீர் ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்க, மண் பருக்கும். நீர் வற்ற, சுருங்கும். வேடிக்கை என்னவென்றால், 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990 இல் மூடப்படும்வரை, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்துச் சுட்டது இந்த முருங்கன் களியைத்தான். சீமெந்தைப் பெற்ற களியே சீமெந்துத் தரையை உடைக்கவும் வல்லது.

வீடு கட்டியபின் நடப்பதைப் பாருங்கள். தட்டின் நடுப்பகுதிக்குக் கீழேயுள்ள மண்ணை வெயில் சுடாது. அங்கே ஈரம் மெல்ல மெல்லச் சேர்ந்து நிலைக்கும். ஓரங்களிலுள்ள மண்ணோ வைகாசி முதற் புரட்டாதிவரை காய்ந்து சுருங்கும். ஐப்பசி மழையோடு மீண்டும் பருக்கும். ஆகவே கோடையில் வீடு நடுவில் உயர்ந்து ஓரங்கள் தொங்கியும், மாரியில் ஓரங்கள் உயர்ந்தும் நிற்க முயலும். இரண்டடிக் கல் அத்திவாரம் அசையும் படைக்குள்ளேயே நிற்பதால் அதுவும் கூடவே ஆடும். நாலங்குலத் தரை, சுவரிலிருந்து பிரிந்து மேலெழும். கதவு மாரியில் ஒருவிதமாகவும் கோடையில் இன்னொருவிதமாகவும் இறுகும். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல ஒரு வெடிப்புப் புறப்படும்.

அப்படியானால் ஒன்பது அங்குலத் தெப்பம்? உடையாமல் இருக்கலாம்; ஆனால் வளையும். சுவருக்கு அந்த வளைவே போதும். இங்கே வேண்டியது வளையாத் தன்மை. அது தடிப்பின் முப்படிக்கு ஏற்பக் கூடும். தடிப்பை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகும். முழுத் தட்டையும் இரண்டடிக்குத் தடிப்பாக்க யாராலும் முடியாது. ஆனால் நாலைந்து அங்குலத் தட்டின் கீழே, சில அடிக்கு ஒன்றாக, இரண்டடி ஆழ வளைகளைக் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டால், குறைந்த கொங்கிறீற்றிலே அந்த ஆழத்தின் பயன் பெருமளவு கிடைத்துவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற் களிநில வீடுகளுக்கு இப்படித்தான் செய்கின்றனர். கொங்கிறீற்று இறுகியபின் உள்ளே ஓடும் எஃகு வடங்களை இழுத்துப் பூட்டும் வழக்கமும் அங்கு உண்டு. அதற்கான கருவியும் பழகிய ஆட்களும் இல்லாத இடத்தில் சாதாரணக் கம்பியே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அவுஸ்திரேலியரின் தரவிதி எனக்கு மிகவும் பிடித்தது. தட்டைத் தெரிவதற்கு முன் அவர்கள் காணியை வகுப்புப் பிரிக்கின்றனர். ஈரமும் வறட்சியும் மாறும்போது நிலத்தின் மேற்பரப்பு எத்தனை மில்லிமீற்றர் ஏறி இறங்கும் என்பதே அளவுகோல். 20 வரை ஒரு வகுப்பு. 40 வரை இன்னொன்று. 75 ஐத் தாண்டினால் மிகக் கொடிய வகுப்பு. வகுப்பு தெரிந்தபின், வளையின் ஆழமும் கம்பியும் பெரும்பாலும் தாமே தீர்மானமாகிவிடும்.

மகனின் சிநேகிதன் சொன்னதும் பிழையல்ல. இந்தியாவின் கரிசல் நிலத்துக்கென ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. மூன்றரை மீற்றரளவு ஆழத்துக்குத் துளையிட்டு, அடியிற் குமிழ்போல அகட்டிக் கொங்கிறீற்றை நிரப்புவர். பருவங்களின் ஆட்டம் அந்த ஆழத்தை எட்டாது. குமிழ் நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தூணின் தலையில் ஓடும் வளைக்கும் மண்ணுக்கும் இடையே சில அங்குல வெளி விடவேண்டும். வெளி விடாமல் மண்மேலேயே வளையை வார்த்துவிட்டால், பருக்கும் களி அதனை அடியிலிருந்து தள்ளும். தூண் இறக்கியதில் அர்த்தமே இராது.

எங்கள் ஊரும் கொழும்பும்

யாழ்ப்பாண மேசன் சொன்ன முறை யாழ்ப்பாணத்துக்கு மிகச் சரியானது. பல இடங்களில் மண்வெட்டி இரண்டடி இறங்குமுன்னரே சுண்ணாம்புப் பாறையில் ‘டங்’ என்று படும். அங்கே தெப்பத் தட்டு இடுவது பணத்தைப் புதைப்பதாகும். பாறையில் நிலாவரைக் கிணறுபோன்ற நீர் அரித்த பொந்துகள் உண்டு என்பதை மட்டும் மறத்தலாகாது; அத்திவாரம் வெட்டும்போது அலவாங்கால் அங்கங்கே குத்திப் பார்ப்பது நல்ல வழக்கம்.

கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் நிலை முற்றிலும் வேறு. அங்கே பல இடங்களில் அழுகிய தாவரங்களாலான முற்றா நிலக்கரிச் சேறு கிடக்கிறது. அதன்மேற் கிறவல் கொட்டி மேடாக்கி விற்கும் துண்டுக் காணிகளை வாங்குவோர், அந்தக் கிறவலே ஒரு பாரம் என்பதை எண்ணுவதில்லை. வீடு எழாவிட்டாலும் காணி ஆண்டாண்டாய்த் தாழும். 2013 இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேகப் பாதையை முத்துராஜவெலச் சதுப்பினூடே அமைப்பதற்கு முன் மண்ணைப் பலவிதமாகத் திருத்தவேண்டியிருந்தது. இத்தகைய நிலத்தில் எந்தத் தட்டு என்ற கேள்வியைப் பொறியியலாளர் ஒருவரிடம், துளையிட்டுப் பெற்ற மண் அறிக்கையோடு போய்க் கேட்பதல்லது வேறு வழியில்லை.

மைத்துனருக்கு நான் முதலிற் சொன்னது ஒரு சிறு பரீட்சை. காணியில் மூன்று நான்கு அடி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை உலர்த்திப் பொடித்து, நுண்ணிய அரிதட்டில் அரித்து, பத்துக் கிராம் பத்துக் கிராமாக இரண்டு அளவுச் சாடிகளில் இடவேண்டும். ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விடவேண்டும். மண்ணெண்ணெயில் களி பருக்காது, நீரிற் பருக்கும். நீரிலுள்ள மண்ணின் கனவளவு மற்றதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், அந்த நிலத்தில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலும் மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். இது பொறியியலாளரின் சோதனைக்குப் பதிலாகாது. அவரிடம் போகத்தான் வேண்டும் என்பதை உறுதிப்படுத்தும்.

பத்து நாளில் அவரிடமிருந்து தகவல் வந்தது. பேரனோடு சேர்ந்து பரீட்சை செய்தாராம். நீர்ச் சாடியில் மண் மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றதைக் கண்டு பேரன் கைகொட்டினானாம். அவருக்கு அன்றிரவு நித்திரை இல்லையாம். அதன்பின் எட்டடிக் குழி வெட்டி, மண்ணைச் சோதனைக்கு அனுப்பி, பொறியியலாளர் ஒருவரிடம் படம் வரைவித்தார். வளைகள் ஓடும் தட்டே முடிவாயிற்று. வளையின் ஆழம் இரண்டடிக்குச் சற்று மேலே. தூண் முறையும் பொருந்தும், ஆனால் அந்த அகட்டிய துளையை ஒழுங்காகத் தோண்டக்கூடிய ஆட்கள் அங்கே அகப்படமாட்டார்கள் என்றாராம் பொறியியலாளர். கூரை நீர் சுவரோரம் விழாதபடி பீலி, வீட்டைச் சுற்றி நாலடிக்குச் சீமெந்துப் பாவல், குளியலறை நீருக்குத் தொலைவில் கிடங்கு, சமையலறைச் சுவரோரம் நிற்கும் வேம்பைப் பற்றி ஒரு குறிப்பு என்பனவும் படத்தில் இருந்தன. வேம்பைத் தறிக்க என் தங்கை இன்னும் உடன்படவில்லை. ஆகவே சமையலறையை மறுபக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

நாட்கல்லை ஆவணியிலேயே வைத்துவிட்டார்கள். வேலை தை பிறந்தபின்னர்தான் தொடங்கும். தரை ஓட்டின் நிறம் இன்னும் தீர்மானமாகவில்லை.